பக்கத்து வயல் மடை: ஆண்டவர் மன்னித்த பிறகும் பாக்கி உண்டா?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்), வெள்ளி இரவு 10.15

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நாலு வருசமா இங்க எல்லாரும் எழுதறதைப் படிக்கிறேன். நான் எழுதினது கிடையாது. இன்னைக்குச் சிலுவைப்பாதை முடிஞ்சு வந்து படுத்தேன், தூக்கம் வரல. எழுதிடறேன்.

2016 சம்பாவை டெல்டாக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஜூன் 12-ல திறக்க வேண்டிய மேட்டூரை செப்டம்பர் 20-லதான் திறந்தாங்க. வெண்ணாத்துத் தண்ணி எங்க வாய்க்காலை எட்டிப் பாக்கறதுக்குள்ள ஐப்பசி பிறந்துடுச்சு. மழையும் கைவிட்டுடுச்சு. சென்னையை வர்தா புயல் புரட்டிப் போட்ட அதே டிசம்பர்ல எங்க பக்கம் வயல் நிறையற மழை ஒண்ணுகூட இல்ல. வாய்க்கால்ல வந்த கொஞ்சத்தை ஊர் கூடி முறை வச்சுப் பிரிச்சோம். ஒரு ராத்திரி எனக்கு, மறு ராத்திரி பக்கத்து வயல் மாமாவுக்கு. சொந்தம் கிடையாது, அவங்க வேற மதம். ஆனா அரைடவுசர் போட்ட காலத்துலேர்ந்து மாமான்னுதான் கூப்பிடறேன். அவருக்கும் மூணு மா நிலம், எனக்கும் மூணு மா. ரெண்டு பேர் பயிரும் கதிர் வெளிய வராம பொதியில நின்னுச்சு.

அவர் முறை வந்த அன்னைக்கு சாயங்காலம் அத்தைக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப என் வாசல்ல ஆட்டோவை நிறுத்தி, "தம்பி, ராத்திரி தண்ணி வரும், என் மடையைக் கொஞ்சம் பாத்துக்க"ன்னார். சரி மாமான்னேன்.

ரெண்டு மணிக்குத் தண்ணி வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், வாய்க்கால்ல கணுக்கால் அளவுதான். என் வயல் பக்கம் திருப்பினா தோகையெல்லாம் சுருண்டு ஊசி மாதிரி நிக்குது. அவர் மடையில ஒரு சாக்கைத் திணிச்சு, மேல வைக்கோலும் சேறும் வச்சு அடைச்சேன். என் மடையைத் திறந்தேன். விடியறதுக்கு முன்ன சாக்கை உருவிட்டு, அவர் மடை வாயில ரெண்டு கை தண்ணி அள்ளித் தெளிச்சேன். பாக்கறவங்களுக்கு ஈரமா தெரியட்டும்னு. அந்த ரெண்டு கை தண்ணிதான் இன்னமும் என்னைத் தூங்க விடல.

அடுத்த முறைக்கு வாய்க்கால்ல தண்ணியே வரல. எனக்கு மாவுக்கு எட்டு மூட்டை, ஆக 24 மூட்டை கண்டுச்சு. அவருக்குப் பூராவும் பதர். மாட்டை விட்டு மேய்ச்சார். "அன்னைக்குத் தண்ணி வந்துச்சா தம்பி?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டார். "ஈரம் படற அளவுதான் வந்துச்சு மாமா"ன்னேன்.

எட்டுத் தவக்காலம் போயிடுச்சு, இது ஒன்பதாவது. ஒவ்வொரு வருசமும் பாவசங்கீர்த்தனத்துல "களவு செஞ்சேன் சாமி"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லுவேன். எனக்குப் பின்னாடி நாப்பது பேர் வரிசையில நிப்பாங்க, சாமியாரும் மேல கேக்க மாட்டார். பாவப்பொறுத்தல் கொடுப்பார், மூணு அருள்நிறை மரியே சொல்லச் சொல்லுவார். சொல்லிடுவேன். அடுத்த வருசம் அதே பாவத்தைத் திரும்பச் சொல்லுவேன்.

ஆண்டவர் மன்னிச்சுட்டார்னு நம்பறேன். அப்புறம் ஏன் இது போக மாட்டேங்குது? என் விசுவாசம் குறையா, இல்ல நான் இன்னும் ஏதாவது செய்யணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஊழியன் (கும்பகோணம்), வெள்ளி இரவு 11.02

தோத்திரம் பிரதர். உங்க கண்ணீரைக் கர்த்தர் பாக்கறார்.

கிறிஸ்துவுக்குள் இருக்கிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லைன்னு ரோமர் 8 ஆரம்பத்துலயே இருக்கு. நம்ம பாவங்களைச் சமுத்திர ஆழத்துல போட்டுடறார்னு மீகா சொல்றார். ஆழத்துல போட்டதை நீங்க ஏன் வலை போட்டு இழுக்கறீங்க? தாவீது எவ்வளவு பெரிய பாவம் செஞ்சான்! அவன்கூட 51-ஆம் சங்கீதத்துல "தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்"னுதான் அறிக்கை பண்றான். குற்றஞ்சாட்டிக்கிட்டே இருக்கறது பிசாசோட வேலை. அவனுக்கு இடம் கொடுக்காதீங்க. உங்களுக்காக இன்னைக்கு ராத்திரி ஜெபிக்கிறேன்.

---

பொறையாறு ஆசிரியை, சனி காலை 6.40

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் லூத்தரன் சபையைச் சேர்ந்தவள். முப்பது ஆண்டு ஞாயிறு பள்ளியில் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, சொல்லிக்கொடுத்தவள். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"களவு செய்யாதிருப்பாயாக" என்பது உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் ஏழாம் கற்பனை. தஞ்சையில் சி.எஸ்.ஐ. சபையாரிடம் கேட்டால் எட்டாவது என்பார்கள். எண்ணிக்கைதான் மாறும், கற்பனை ஒன்றுதான். லூத்தர் 1529-இல் வீட்டுத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இந்தக் கற்பனைக்கு விளக்கம் சொல்லும்போது "எடுக்காதே" என்பதோடு நிறுத்தவில்லை. அயலானுடைய பொருளும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் நாம் உதவ வேண்டும் என்கிறார். எடுக்காமல் இருந்தால் பாதிக் கீழ்ப்படிதல்தான். காத்துக் கொடுத்தால்தான் முழுமை. உங்கள் மாமா உங்களிடம் கேட்டது அந்த இரண்டாம் பாதியை.

நியாயப்பிரமாணம் ஒரு கண்ணாடி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முகத்தில் சேறு இருப்பதைக் கண்ணாடி காட்டும், கழுவாது. கழுவுவது கிருபை. ஆனால் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு "கழுவியாயிற்று" என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊழியன் தம்பி சொன்ன ரோமர் 8-க்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். வெறுக்கிறதையே செய்கிறேன் என்று புலம்புகிறவர் சாதாரண ஆளில்லை, பவுல். அந்த ஏழாம் அதிகாரம் வழியாகத்தான் எட்டாம் அதிகாரத்துக்கு வர முடிகிறது.

தாவீதைப் பற்றி ஒன்று. யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு, ஆளையும் சாகவைத்தாரோ, அந்த உரியா அவர் இந்தச் சங்கீதத்தைப் பாடும்போது செத்துப்போயிருந்தான். போய்க் கதவைத் தட்ட அவனுக்கு வீடு இல்லை. உங்கள் மாமா இருக்கிறாரே!

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை இன்று எடுத்து வாசியுங்கள். அயலான் நம்மிடம் ஒப்புவித்ததைப் பற்றிப் பொய் சொன்னவனுக்கான சட்டம் அது. "மடையைப் பாத்துக்க" என்று ஒப்புவித்தது, "ஈரம் படற அளவுதான்" என்று சொன்னது, இரண்டும் அங்கே இருக்கின்றன. முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா கொண்டுவருவது ஆறாம் வசனத்தில்தான் வருகிறது. வயலுக்கு உரியவனிடம் போவது முன்னே, பலிபீடம் பின்னே. ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் அதே வரிசையைத்தான் சொன்னார். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார்.

1715-இல் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடி அச்சகத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த வரி வசூல்காரன் சகேயு, முந்நூறு ஆண்டுக்கு மேலாக நம் மொழியில் "திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுப் பழகி நமக்குக் காது மரத்துவிட்டது.

---

நாகை அக்கா, சனி காலை 9.12

நான் உங்க மாமா இருக்கற பக்கத்துலேர்ந்து எழுதறேன் தம்பி.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கடல் வந்து என் வீட்டுக்காரரையும் படகையும் கொண்டுபோச்சு. நிவாரணப் பணம் வந்தப்ப எனக்குக் கையெழுத்துப் போடற புத்தியே இல்ல. கொழுந்தனார்தான் பாங்குக்குக் கூட்டிட்டுப் போனார். பாதிப் பணம் எனக்கு வந்து சேரல. கேட்டா அந்தச் செலவு இந்தச் செலவுன்னார். நான் ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு மீன் கூடை தூக்கினேன்.

சில வருசம் கழிச்சு அவர் ஒரு தியானக் கூட்டத்துக்குப் போய் மனந்திரும்பினார். மேடையில ஏறி, "விதவையை ஏமாத்தின பாவி நான், கர்த்தர் என்னை மன்னிச்சார்"னு அழுது சாட்சி சொன்னாராம். கேட்டவங்க வந்து எங்கிட்ட சந்தோசமா சொன்னாங்க. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல எட்டு வீடு. மேடை ஏறினவர் அந்த எட்டு வீட்டைத் தாண்டி வரல.

அவருக்குக் கிடைச்ச மன்னிப்பு பொய்னு நான் சொல்ல மாட்டேன். அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. ஆனா என் பணத்தைப் பத்தி ஆண்டவர்கிட்ட பேசி முடிச்சவர், எங்கிட்ட பேச என்ன இருக்குன்னு நினைச்சுட்டார் பாருங்க, அது பணம் போனதைவிட எனக்கு வலிச்சுது.

இன்னொண்ணும் சொல்லணும். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன் உவமையை என்னை மாதிரி ஆளுங்ககிட்டதான் அடிக்கடி சொல்லுவாங்க. உனக்கு மன்னிச்சது மலை, நீ மன்னிக்க வேண்டியது அற்பக் காசும்பாங்க. அந்த வேலைக்காரனுக்கு இன்னொரு வேலைக்காரன் தர வேண்டியிருந்த நூறு வெள்ளிப்பணம் அற்பமா? ஒரு பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்ககிட்ட போய் அது அற்பம்னு சொல்லிப் பாருங்க. ஆண்டவர் சொன்ன மலை மலைதான். அதுக்காக அவர் இந்த நூறை ஒண்ணுமில்லைன்னு சொல்லவே இல்ல.

போங்க தம்பி. மாமா திட்டினா வாங்கிக்குங்க.

---

ஊழியன் (கும்பகோணம்), சனி காலை 10.30

அக்கா, உங்க பதிவைப் படிச்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நான் எழுதினதுல வசனம் சரி. ஆனா அதை யாருக்குச் சொல்றோம்னு நான் யோசிக்கல.

ஆனாலும் ஒரு பயத்தைச் சொல்லியாகணும். பணத்தைக் கட்டினாத்தான் மன்னிப்புன்னு இந்தப் பிரதர் மனசுல பதிஞ்சுடக் கூடாது. காசு கொடுத்து இரட்சிப்பு வாங்கற மாதிரி ஆயிடும். சிலுவையில முடிஞ்ச வேலை முடிஞ்சதுதான். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

பொறையாறு ஆசிரியை, சனி காலை 11.05

ஊழியன் தம்பி, அதில் நானும் உங்களோடு நிற்கிறேன். சகேயு வீட்டுக்கு இயேசு போனது அவன் பணம் எண்ணி வைத்த பிறகு அல்ல. அவரைப் பார்க்க ஏறிய மரத்தில் அவன் இருந்தபோதே "சீக்கிரமாய் இறங்கி வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டது கிருபை. அந்தக் கிருபை உள்ளே போனதால்தான் அவன் கை பணப்பைக்குப் போயிற்று.

---

தஞ்சாவூர் வக்கீல், சனி மாலை 4.20

எனக்கு இறையியல் அவ்வளவு தெரியாது. என் தொழில் வழியாகச் சொல்கிறேன்.

1963 காலவரையறைச் சட்டப்படி, இப்படித் தண்ணீரைத் திருப்பிய வழக்கில் இழப்பீடு கேட்க மூன்று வருடம்தான். ஏமாற்றி மறைத்திருந்தால் அந்தக் கெடு, பாதிக்கப்பட்டவருக்கு விஷயம் தெரிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஆனால் நீங்களே வாய் திறக்காத வரை உங்கள் மாமா எந்த நீதிமன்றத்துக்கும் போகப் போவதில்லை. இதைச் சொல்லக் காரணம், நீங்கள் போனால் பயத்தால் போகவில்லை என்பது உங்களுக்கே தெளிவாகும்.

வேதத்திலும் ஒரு காலவரையறை உண்டு. உபாகமம் 15-இல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடன் விடுதலை. ஆனால் அதைக் கவனமாகப் படியுங்கள். விட்டுவிட வேண்டியவன் கொடுத்தவன். வாங்கினவன் "ஏழு வருடம் ஆயிற்று, கணக்குத் தீர்ந்தது" என்று தானே எழுதிக்கொள்ள அங்கே இடம் இல்லை.

எண்ணாகமம் 5-ஐயும் பார்க்கலாம். தீங்கு அடைந்தவனுக்குக் கொடு. அவன் இல்லையா, அவன் உறவின்முறையானுக்குக் கொடு. அவனும் இல்லையென்றால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியன் கையில். கடவுள் தன் பெயரை வரிசையில் கடைசியாக வைத்திருக்கிறார். நாம்தான் தூக்கி முதலில் வைத்துவிட்டோம்.

கணக்கு கேட்டால்: 24 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, ஆக 14.4 குவிண்டால். அந்த வருடம் மத்திய அரசு பொது ரகத்துக்கு அறிவித்த ஆதரவு விலை 1,470 ரூபாய். 21,168 வருகிறது. 2024-25 பருவத்து 2,300-இல் போட்டால் 33,120. ஐந்தில் ஒரு பங்கு 6,624 சேர்த்தால் 39,744. இன்றைய விலைதான் நியாயம் என்பது என் கருத்து. எட்டு வருடம் அந்த நெல் உங்கள் கையில்தானே இருந்தது.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர்தான். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தவர். சட்டம் சாதாரண ஜனத்துக்கு அவர்கள் மொழியில் புரிய வேண்டும் என்று உழைத்தவர் அவர். டெல்டாவில் வழக்காடும்போது அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

---

மன்னார்குடி வாசகர், சனி மாலை 5.00

அந்த வருசம் பயிர்க் காப்பீடு நிறைய பேருக்கு வந்துச்சே. மாமாவுக்கும் வந்திருக்கலாம். அதைக் கழிச்சுக் கொடுத்தா போதாதா? தவிர, அந்த ஒரு ராத்திரித் தண்ணி பாஞ்சிருந்தாலும் அவர் பயிர் பொழச்சிருக்கும்னு என்ன நிச்சயம்?

---

தஞ்சாவூர் வக்கீல், சனி மாலை 5.25

காப்பீடு அவர் கட்டின பிரீமியத்துக்கு வந்தது. இவர் அடைத்த மடைக்கு வந்ததல்ல. இரண்டாவது கேள்வி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டியது. இவரே தனக்குக் கேட்டுக்கொள்ளக் கூடாது.

---

கடைமடைக்காரன், சனி இரவு 9.50

எல்லாரும் எழுதினதை வாசிச்சேன். நாகை அக்கா, உங்க எட்டு வீட்டைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு வரப்புதான் அக்கா.

மன்னார்குடி அண்ணன் கேட்ட அந்தக் கேள்வியை எட்டு வருசமா நானே என்கிட்ட கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரே தண்ணி, ஒரே மண்ணு, ஒரே பருவம். என்னுது பொழச்சுதே!

பயமாத்தான் இருக்கு. பணத்துக்கு இல்ல. உளுந்து பறிச்சு முடிச்சா கொஞ்சம் வரும், மிச்சத்தைப் புரட்டிடலாம். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். ஊர்ல தண்ணித் திருடன்னு பேர் வந்துட்டா? கொலைகாரனைக்கூட ஏத்துக்குவாங்க, மடை அடைச்சவனை எங்க ஊர்ல மூணு தலைமுறைக்குச் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரிக்குக்கூட இன்னும் தெரியாது. அந்த 24 மூட்டையிலதான் அவளுக்கு அந்தப் பொங்கலுக்குச் சேலை எடுத்தேன்.

சரின்னு தெரியுது. செய்ய பலம் இல்ல.

---

பூண்டி நடைப்பயணி (திருக்காட்டுப்பள்ளி), சனி இரவு 10.20

அண்ணே, நேத்து நீங்களும் சிலுவைப்பாதை செஞ்சீங்க. பதினாலு ஸ்தலத்துல மூணு ஸ்தலம் ஆண்டவர் சிலுவையோட விழறதுதான். மூணாவது, ஏழாவது, ஒன்பதாவது. அந்த ஒன்பதாவது எனக்கு எப்பவும் தொண்டையை அடைக்கும். மலை உச்சிக்குப் பக்கத்துல வந்து விழறார். எழுந்து போனா அங்க இருக்கறது ஆணி. எழுந்து போறார்.

அஞ்சாவது ஸ்தலத்துல சிலுவையைத் தூக்க வேற ஆள் வர்றார், சீரேனே ஊர் சீமோன். ஆண்டவரே ஒருத்தர் தோளை வாங்கிக்கிட்டார். நீங்க மட்டும் தனியா தூக்கணும்னு என்ன கட்டாயம்? முதல்ல அண்ணிக்கிட்ட சொல்லுங்க. அப்புறமும் தெம்பு வரலேன்னா எனக்கு ஒரு வார்த்தை போடுங்க. பைக்கை எடுத்துக்கிட்டு வந்துடறேன். உள்ள வர மாட்டேன், தெரு முனையில நிக்கறேன்.

ஒண்ணு மட்டும். இந்த வருசம் அந்த ஒத்தை வார்த்தையோட நிறுத்தாதீங்க. வரிசை இல்லாத ஒரு நாள் சாமியாரைத் தனியா பாத்து முழுசா சொல்லுங்க. பாவப்பொறுத்தல் பாவத்தை எடுத்துடும், அது உண்டாக்கின சேதத்தை நாம சரிசெய்யணும்னு நம்ம திருச்சபையோட மறைக்கல்வி ஏடே சொல்லுது. அபராதம் தீர்க்கறதுன்னு நம்ம பாட்டிமார் சொன்னது வெறும் ஜெபம் ஒப்பிக்கறது இல்ல.

---

தஞ்சைச் சபையான், ஞாயிறு மதியம் 1.10

ஆராதனை முடிந்து வந்து வாசிக்கிறேன். பலம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பவுலும் தன் சரீரத்தில் குத்திய முள்ளை எடுத்துப்போடச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டார். முள் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பலவீனத்தில்தான் அவர் பலம் பூரணமாக விளங்கும் என்றால், பலம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. நடக்கும்போதுதான் கொடுப்பார்.

எங்கள் தஞ்சையில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் நடந்ததை நினைக்கிறேன். 1780-களில் போரும் பஞ்சமுமாக இருந்தபோது, விளைச்சலை அதிகாரிகள் பறித்துக்கொண்டதால் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ராஜா வாக்குக் கொடுத்தும் யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்து நாற்று நட்டார்கள். விளைச்சலைப் பறிகொடுத்த குடியானவன் தண்டனைக்குப் பயந்தோ பணத்துக்கு ஆசைப்பட்டோ திரும்புவதில்லை. நம்பக்கூடிய ஒரு வாய்ச்சொல் வேண்டும் அவனுக்கு. நீங்கள் மாமாவிடம் எடுத்தது தண்ணீர் மட்டும் இல்லை.

---

ஊழியன் (கும்பகோணம்), ஞாயிறு மாலை 6.30

பிரதர், போறப்ப ஒரு புதிய ஏற்பாடும் கொண்டுபோனா நல்ல சாட்சியா இருக்குமே? கர்த்தர் அந்தக் குடும்பத்தைச் சந்திக்க இது ஒரு வழியா இருக்கலாம்.

---

பொறையாறு ஆசிரியை, ஞாயிறு மாலை 7.00

வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். கடன் கட்டப் போகிறவன் கடனை மட்டும் கட்ட வேண்டும். பணத்தோடு வேறு எதை நீட்டினாலும் அந்த மனிதர் "இதற்காகத்தான் வந்தாயா" என்று நினைக்க இடம் கொடுத்துவிடுவோம். வெறுங்கையும் உறையுமாகப் போகட்டும்.

---

ஊழியன் (கும்பகோணம்), ஞாயிறு மாலை 7.15

சரி அம்மா. ஏத்துக்கறேன்.

---

கடைமடைக்காரன், 11 நாள் கழித்து, வியாழன் இரவு 8.40

போய்ட்டு வந்துட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

முதல்ல வீட்டுக்காரிக்கிட்ட சொன்னேன். அடுப்படியில உளுந்து புடைச்சுக்கிட்டிருந்தா. முறம் அப்படியே நின்னுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அத்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப நான் கஞ்சி வச்சுக் கொண்டுபோனேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க"ன்னு கேட்டா. நான் அன்னைக்கு வயலுக்குப் போயிட்டேன், அவங்க முகத்தைப் பாக்க முடியாம. அதையும் சொன்னேன். ராத்திரி அவளே பீரோவைத் திறந்து சீட்டுப் பணம் 15,000-த்தை எடுத்து வச்சா. பொண்ணுக்குன்னு கட்டின சீட்டு. சாமியாரையும் தனியா பாத்து முழுசா சொன்னேன். "போய்ட்டு வா, பயப்படாதே"ன்னு மட்டும் சொன்னார்.

40,000 ரூபாயோட சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். மாமா திண்ணையில உக்காந்து பயறு நெத்தைக் காய வச்சுக்கிட்டிருந்தார். வா தம்பின்னார். நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். சாக்கைச் சொன்னேன், ரெண்டு கை தண்ணியைச் சொன்னேன், அவர் கேட்டப்ப சொன்ன பொய்யையும் சொன்னேன். நடுவுல எங்கயும் காரணம் சொல்லக் கூடாதுன்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே போனேன், சொல்லல.

அவர் கையில ஒரு நெத்து இருந்துச்சு. அதை உரிச்சுக்கிட்டே இருந்தார். உரிச்ச பயறு கீழ விழுந்து உருண்டுச்சு. உள்ளேர்ந்து அத்தை வந்து நிலைப்படியில நின்னாங்க. மாமா உறையை வாங்கினார், பிரிச்சார், எண்ணினார். 500 ரூபாய்த் தாள் எண்பதையும் ஒவ்வொண்ணா எண்ணினார். அவ்வளவு நேரமும் யாரும் பேசல.

எண்ணி முடிச்சு, "அத்தையோட தோடு அந்த வருசம் மூழ்கிப்போச்சு, உனக்குத் தெரியுமா?"ன்னார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு வச்சிருக்காங்க. அறுப்பு அறுத்து மீட்கலாம்னு இருந்திருக்காங்க. அறுக்கத்தான் ஒண்ணும் இல்லாம போச்சே. அவங்க அம்மா வீட்டுல போட்ட தோடு. நான் நிமிர்ந்து பாத்தேன், அத்தை காதுல இப்பவும் வேப்பங்குச்சிதான்.

நாங்க இங்க போட்ட கணக்குல அந்தத் தோடு இல்ல. 24 மூட்டை, ஐந்துல ஒரு பங்கு எல்லாம் போட்டோம். அது எங்கயும் இல்ல.

"இப்ப நீ போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே"ன்னார். மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல. வந்துட்டேன்.

---

மன்னார்குடி வாசகர், வியாழன் இரவு 9.05

பணத்தையும் வாங்கிக்கிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லலையே. மனசு கஷ்டமா இருக்கு தம்பி.

---

நாகை அக்கா, வியாழன் இரவு 9.30

அவர் சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க. எட்டு வருசம் நீங்க எடுத்துக்கிட்டீங்க, அவருக்கு எட்டு நாளாவது கொடுக்க வேண்டாமா?

தம்பி, மாமா எண்ணினார்னு எழுதினீங்க பாருங்க. அது எனக்குப் பெருசா பட்டுது. எண்ணாம "இருக்கட்டும் விடு"ன்னு ஒதுக்கியிருந்தா உங்களை மனுசனா மதிக்கலேன்னு அர்த்தம். உங்க கடனைக் கடனா வாங்கிக்கிட்டார்.

என் கொழுந்தனாரை மன்னிக்க மனசைக் கொடுன்னு நான் தினம் செபமாலை முடிவுல கேக்கறேன். இருபது வருசம் ஆச்சு, இன்னும் முழுசா வரல. எழுபது தரம் ஏழுன்னு ஆண்டவர் பேதுருகிட்ட சொன்னது ஏழு விதமான தப்புக்கு இல்லைன்னு எனக்குப் படுது. ஒரே தப்பைத்தான் ஒவ்வொரு நாள் காலையிலயும் திரும்பத் திரும்ப மன்னிக்க வேண்டியிருக்கு. இன்னைக்கு ராத்திரி உங்களை நினைச்சுக்கிட்டு கொழுந்தனாருக்காக செபமாலையில இன்னும் பத்து அருள்நிறை மரியே கூடச் சொல்லுவேன்.

---

ஊழியன் (கும்பகோணம்), வியாழன் இரவு 9.50

ஆமென் அக்கா.

---

கடைமடைக்காரன், அடுத்த வாரம், செவ்வாய் காலை 7.20

கேட்டவங்களுக்காக எழுதறேன். ஊர்ல இன்னும் யாரும் பேசல. மாமா யார்கிட்டயும் சொல்லல போல. சொன்னாலும் சரிதான்.

தோட்டுக்கு என்ன செய்யறதுன்னு வீட்டுக்காரியும் நானும் யோசிச்சோம். அதே தோட்டைத் திருப்பித் தர முடியாது. அடுத்த சம்பா அறுத்ததும் அரைப் பவுன்ல ஒரு ஜோடி எடுக்கறதுன்னு முடிவு. அதை அவ கொண்டுபோய்க் கொடுப்பா, நான் போக மாட்டேன்.

தூக்கம் வருதான்னு நடைப்பயணி கேட்டிருந்தார். வருது தம்பி. அந்த ரெண்டு கை தண்ணி ஞாபகம் வராம இல்ல. வந்தா முன்ன மாதிரி எழுந்து உக்காரறதில்ல, சிலுவை போட்டுக்கிட்டுத் திரும்பிப் படுத்துடறேன்.

நேத்து வயலுக்குப் போனப்ப மாமா வரப்புல நின்னார். நான் ஒதுங்கி மறுபக்கமா போகப் பாத்தேன். அவரே கூப்பிட்டார். மடை ரெண்டும் இடிஞ்சு கிடக்கு, தண்ணி திறக்கறதுக்குள்ள கட்டணும்னார். சிமெண்ட் குழாய் ஒண்ணு போட்டு, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல பலகை வச்சுடலாம், செலவை நான் பாத்துக்கறேன், முதல் முறைத் தண்ணி உங்களுக்கு விடறேன்னு சொன்னேன். மண்வெட்டியை ஊனிக்கிட்டு மடையையே பாத்துக்கிட்டு நின்னார்.

"பாப்போம்"னார்.